வெளியில் காற்றே இல்லை, சூரியன் எதைக் கொண்டு எரிகிறது?

பரந்தன் வாசகரின் கேள்வி, 2025 ஏப்ரல் 6

அடுப்பை மூடினால் நெருப்பு அணையும். விளக்கைப் போத்தலால் கவிழ்த்தால் அதுவும் அணையும். நூறு கிலோமீற்றர் மேலே போனாலே மூச்சுவிடக் காற்று இல்லை என்கிறார்கள். அப்படியானால் சூரியன் எப்படி எரிகிறது? மகள் கேட்டாள். "வாயுக்களால் ஆன நெருப்புக் கோளம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுக்கும் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. விறகு எது, காற்று எது, எப்போது முடியும்?

ஏப்ரல் 6, இரவு

விறகும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே எதுவும் எரியவில்லை.

எரிதல் என்பது ஒட்சிசனோடு சேர்வது. விறகிலுள்ள காபன் அப்படிச் சேரும்போது அணுக்களின் வெளிப்பக்கத்து இலத்திரன்கள் மட்டும் இடம் மாறும், நடுவிலுள்ள கரு அசையாது. அதில் கிடைப்பது சில்லறைச் சக்தி. சூரியனின் நிறையைக் கிலோகிராமில் எழுத, 2 போட்டுப் பின்னால் 30 பூச்சியம் போடவேண்டும். அத்தனையும் முதல்தர நிலக்கரி, ஒட்சிசனும் எங்கிருந்தோ சும்மா வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் இன்றைய வெளிச்சத்தை ஏறத்தாழ 5,000 வருடம்தான் தரமுடியும். இரணைமடுப் பக்கத்து மண்படிவில் எடுத்த கல்லாயுதங்களே அதைவிட எத்தனையோ மடங்கு பழையவை. அந்தக் கல்லைக் கொத்தியவன் வெயிலில் இருந்துதான் கொத்தியிருப்பான்.

ஆகவே மகளின் சந்தேகம் சரி. விடையைப் பிறகு எழுதுகிறேன், கடை பூட்ட வேண்டும்.

ஏப்ரல் 7, காலை

இதே கேள்வியில் பெரிய தலைகளெல்லாம் முட்டியிருக்கின்றன. 1854இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு வழி சொன்னார்: சூரியன் தன் பாரத்தாலேயே மெல்லச் சுருங்குகிறது, சுருங்கும்போது வெப்பம் வருகிறது. கெல்வின் பிரபு அதைப் பிடித்துக் கணக்குப் போட்டார். இரண்டு மூன்று கோடி வருடம் வந்தது. நிலக்கரிக் கணக்கோடு பார்த்தால் தாராளம், ஆனால் போதவில்லை. மலை கரைந்து மண்ணாவதற்கும் உயிர்கள் படிப்படியாக மாறுவதற்கும் அதைவிட மிக நீண்ட காலம் வேண்டும் என்று டார்வின் பக்கத்தார் நின்றார்கள். கெல்வினோ விடவில்லை. பூமியின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல் என்று இன்று தெரியும். கல்லைப் பார்த்தவர்கள் வென்றார்கள்.

கெல்வினின் கணக்கில் பிழை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சுருங்கினால் வெப்பம் வரும், அது உண்மை. சூரியன் முதன்முதல் சூடேறியதே அப்படித்தான், ஒரு வாயு முகில் தன் பாரத்தில் தானே விழுந்து. அதற்குமேல் ஒரு வருமானம் இருந்தது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 7, இரவு

அந்த வருமானம் இது.

1920இல் அஸ்டன் என்பவர் அணுக்களின் நிறையை மிகத் துல்லியமாக அளந்தார். நான்கு ஐதரசன் அணுக்களின் நிறையைக் கூட்டினால் வருவதைவிட ஒரு ஈலியம் அணுவின் நிறை கொஞ்சம் குறைவு. 0.7 வீதம் குறைகிறது. அதே வருடம் வானியலாளர் எடிங்டன் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார்: ஐதரசன் ஈலியமாக மாறினால் இந்தக் குறைந்த நிறை சக்தியாக வரவேண்டும், சூரியனுக்கு அது தாராளமாகப் போதும். நிறைக்கும் சக்திக்கும் உள்ள கணக்கை ஐன்ஸ்டைன் 1905இலேயே எழுதிவைத்துவிட்டார்.

இப்போதைய கணக்கு: ஒவ்வொரு செக்கனும் சுமார் 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாகிறது. அதில் 42 இலட்சம் தொன் நிறை காணாமல்போய் சக்தியாக வெளியே வருகிறது. இதை வாசித்து முடிப்பதற்குள் எத்தனை கோடி தொன் போயிருக்கும் என்று வேண்டுமானால் பெருக்கிப் பாருங்கள்.

"அப்ப சூரியன் மெலிஞ்சு போகாதா" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். மெலிகிறது. பிறந்து 460 கோடி ஆண்டில் இப்படிக் கரைந்தது பூமியைப்போல எண்பது தொண்ணூறு மடங்கு நிறை. சூரியனுக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பத்தாயிரத்தில் மூன்று.

ஏப்ரல் 8

மல்லாவியிலிருந்து உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர்: "அண்ணை, அதைத்தான் ஐதரசன் குண்டு எண்டு சொல்லுறது. சூரியன் நிப்பாட்டாமல் வெடிச்சுக்கொண்டிருக்கிற குண்டு."

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. கொஞ்சம் பொறுங்கள். குண்டில் போடுவது தூத்தேரியம், திரித்தியம் என்ற பாரமான ஐதரசன் வகைகள், சட்டென்று சேரக்கூடியவை. சூரியனில் இருப்பது சாதாரண ஐதரசன், அதாவது தனிப் புரோத்தன்கள். இரண்டு புரோத்தன்கள் முட்டி ஒட்டவேண்டுமென்றால், முட்டுகிற அந்தக் கணத்திலேயே ஒன்று நியூத்திரனாக மாறவேண்டும். அது அநேகமாக நடக்காத காரியம். சூரியனின் நடுவில் ஒரு புரோத்தன் ஒரு செக்கனில் எண்ணில்லாத தடவை முட்டுப்படுகிறது, ஆனாலும் ஒருமுறை ஒட்டிக்கொள்வதற்குச் சராசரியாகக் காத்திருப்பது ஆயிரம் கோடி ஆண்டளவு.

ஒட்டிவிட்டால் மிச்சம் வேகம். கிடைத்த தூத்தேரியம் சில செக்கனுக்குள் இன்னொரு புரோத்தனைப் பிடித்து ஈலியம்-3 ஆகிவிடும். பிறகு இரண்டு ஈலியம்-3 சந்தித்து, சாதாரண ஈலியம் ஒன்றும் மிச்சமாக இரண்டு புரோத்தனும் வரும். முழுச் சங்கிலியையும் இழுத்துப்பிடிப்பது அந்த முதல் படிதான். முதல் படி இலேசாக இருந்திருந்தால் தம்பி சொன்ன குண்டு உண்மையாகியிருக்கும், நாம் இங்கே இருந்து எழுதியிருக்கமாட்டோம்.

ஏப்ரல் 8, பின்னேரம்

மேலே சொன்னதை நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு. இந்த இழையில் எனக்குச் சொல்ல இருப்பதே இது ஒன்றுதான், மற்றதெல்லாம் புத்தகத்தில் கிடக்கிறது.

எங்கள் சித்தப்பா மத்தியானம் சோறு தின்றுவிட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பார். படுத்திருக்கும் ஒரு மனிதன் விடுகிற வெப்பம் ஏறத்தாழ 80, 90 வாற்று. உடம்பின் கனவளவு 70 லீற்றர் என்று வைப்போம். ஒரு கன மீற்றர் நிறையச் சித்தப்பாக்களை அடுக்கினால் ஆயிரத்துக்குமேல் வாற்று வரும்.

சூரியனின் நட்ட நடுவில், வேலை மும்முரமாக நடக்கிற இடத்தில், ஒரு கன மீற்றரில் உண்டாவது சுமார் 275 வாற்று. நித்திரை கொள்ளும் சித்தப்பாவின் நாலில் ஒரு பங்குதான். அந்தக் கன மீற்றரின் நிறை 150 தொன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், வெட்கக்கேடு.

சூரியன் கடும் உழைப்பாளி அல்ல. மகா சோம்பேறி. அதனால்தான் இத்தனை காலம் தாங்குகிறது.

ஏப்ரல் 9

நேற்றுப் போட்டதற்கு நல்ல அடி விழுந்திருக்கிறது. "அப்ப உங்கட சித்தப்பா ஏன் ஒன்றரைக் கோடி பாகையில் கொதிக்கவில்லை" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

எவ்வளவு உண்டாகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பொருளின் சூட்டைச் சொல்லமுடியாது. எவ்வளவு வெளியேறுகிறது என்றும் பார்க்கவேண்டும். சித்தப்பாவுக்கு விறாந்தைக் காற்று இருக்கிறது, வியர்வை இருக்கிறது, தோல் கிட்ட இருக்கிறது. சூரியனின் நடுவில் உண்டானது வெளியே வர ஏழு இலட்சம் கிலோமீற்றர் தடித்த சுவரைத் தாண்டவேண்டும். உண்டாவது அற்பம்தான், ஆனால் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கிக்கிடக்கிறது. மொத்தப் பருமனும் பெரிது, பூமியைப்போல 13 இலட்சம் உருண்டைகளை உள்ளே கொட்டலாம். அற்பத்தை அவ்வளவு பெரிய பருமனால் பெருக்கினால் வருவதுதான் நம் தலையில் விழும் வெயில்.

இன்னொன்று. நடு ஏன் சூடு என்பதற்கு முதல் காரணம் கரு இணைவே (மேலே சொன்ன, ஐதரசன் சேர்ந்து ஈலியமாவது) அல்ல, பாரம். மேலே இருக்கும் அத்தனை நிறையும் அமுக்குகிறது. அமுக்கத்தைத் தாங்க உள்ளே சூடு இருந்தே ஆகவேண்டும். கரு இணைவு செய்வது, வெளியே கசிகிற அளவை ஈடுசெய்வது மட்டுமே. அது இல்லாவிட்டால் கெல்வின் சொன்னபடி சுருங்கிச் சுருங்கி இன்னும் சூடாகும், குளிராது. இது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். எனக்கும் உடனே ஏறவில்லை.

ஏப்ரல் 9, இரவு

மல்லாவித் தம்பி மறுபடி: சோம்பேறி என்றே வைப்போம், ஒருநாள் வேகம் பிடித்து வெடிக்காதா?

நடு கொஞ்சம் சூடேறினால் வேகம் கூடும், உண்மை. வேகம் கூடினால் அமுக்கம் கூடி நடுப்பகுதி விரியும். விரிந்தால் குளிரும். குளிர்ந்தால் வேகம் குறையும். வேகம் தேவைக்குக் குறைந்தால் பாரம் அமுக்கி மறுபடி சூடாக்கும். யாரும் கட்டுப்படுத்தத் தேவையில்லை. குண்டுக்கு இந்த வசதி இல்லை, ஏனென்றால் அதை இறுக்கிப்பிடிக்கப் பாரம் இல்லை.

ஏப்ரல் 10

ஒன்றரைக் கோடி பாகை என்றதும் "அந்தச் சூடு போதுமா" என்று பழைய பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் தனிமடலில் கேட்டார். போதாது! இரண்டு புரோத்தன்களும் நேர் ஏற்றம், ஒன்றையொன்று தள்ளும். பழைய பௌதிகவியலின்படி பார்த்தால் அந்தத் தடையைத் தாண்ட இதைவிடப் பல நூறு மடங்கு சூடு வேண்டும். எடிங்டனிடம் இதையே சொல்லித்தான் மறுத்தார்கள். நட்சத்திரத்தின் நடு போதாதென்றால் இதைவிடச் சூடான இடம் ஒன்றைப் போய்த் தேடுங்கள் என்கிற மாதிரி அவர் பதில் சொல்லிவிட்டார். 1928இல் காமோவ் வந்து, மிகச் சிறிய துகள்கள் தடையின் மேலால் ஏறாமல் அதற்கூடாகவே கசிந்து அப்பால் போகலாம் என்று காட்டினார். அடுத்த வருடம் அட்கின்சனும் ஹூட்டர்மான்சும் அதை நட்சத்திரங்களுக்குப் பொருத்தினார்கள். எந்தப் படிகளால் நடக்கிறது என்று 1938, 39இல் ஹான்ஸ் பேதே எழுதினார். நோபல் பரிசு 1967இல்தான் வந்தது.

ஏப்ரல் 11

துணுக்காய் அக்கா கேட்டது: சூரியனில் ஐதரசன்தான் இருக்கிறது என்று யார் கண்டது?

ஒரு பெண். சிசிலியா பெய்ன், 1925, வயது இருபத்தைந்து. சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கறுத்த கோடுகள் தெரியும், ஒவ்வொரு மூலகத்துக்கும் தன் கோடு. இரும்பின் கோடுகள் ஏராளம், அதனால் சூரியனும் பூமியைப் போன்ற சரக்கால் ஆனது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கோட்டின் கறுப்பு மூலகத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, வெப்பநிலையையும் பொறுத்தது என்ற கணக்கை வங்காளத்து மேகநாத் சாகா 1920இல் தந்திருந்தார். பெய்ன் அதை வைத்துப் பார்த்தார். ஐதரசனும் ஈலியமும்தான் பெரும்பகுதி, மற்றதெல்லாம் ஊறுகாய் அளவு என்று வந்தது. அக்காலத்துப் பெரியவர் ஹென்றி ரசல் அது நடக்கவே முடியாது என்றார். பெய்ன் தன் ஆய்வேட்டில் "கிட்டத்தட்ட நிச்சயமாக உண்மையல்ல" என்று எழுதிக்கொள்ளவேண்டி வந்தது. நான்கு வருடத்தில் ரசலே அதே முடிவுக்கு வந்தார்.

ஈலியம் இன்னும் வேடிக்கை. அதைப் பூமியில் காணமுன்னரே சூரியனில் கண்டார்கள். 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணம் தென்னிந்தியாவுக்கு மேலால் போனது, பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் கருவியோடு நின்றார். அந்த வருடத்து அவதானங்களில் எந்த மூலகத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு நின்றது. புது மூலகம் என்றார் லொக்கியர். ராம்சே அதைப் பூமியில் ஒரு கனிமத்திலிருந்து எடுத்தது 1895இல்.

கிரகணம் என்றதும் 2019 டிசம்பர் 26 ஞாபகம் வருகிறது. வடக்கில் வளையக் கிரகணம். கடையிலிருந்த வெல்டிங் கண்ணாடியை ஒன்றுக்குமேல் ஒன்று பிடித்து, மேகம் விலகிய நேரத்தில் பார்த்தோம். வேப்பமரத்து நிழலில் நிலமெல்லாம் சின்னச் சின்ன வளையம், இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு கமரா. அதே காலையில் முல்லைத்தீவில் சனம் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது, சுனாமிக்குப் பதினைந்தாவது வருடம். எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் அங்கே போயிருந்தார்கள், கிரகணத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, இரவு

வெல்டிங் கண்ணாடி பற்றி: 14ஆம் இலக்கத்துக்குக் குறைந்தது பாதுகாப்பில்லை. குறைந்த இலக்கங்களை அடுக்கிப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டாம். மர நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

ஏப்ரல் 12

உண்டான சக்தி வெளியே வருகிற கதை. நடுவில் பிறக்கும்போது அது காமாக் கதிர், கண்ணுக்குத் தெரியாத, சக்தி மிகக் கூடிய ஒளி. ஒரு சென்ரிமீற்றர் போகுமுன் எதிலாவது மோதித் திசை மாறும். முன்னே, பின்னே, பக்கவாட்டில், எந்தத் திட்டமும் இல்லை. இப்படியே தடுமாறி மேலே வர எவ்வளவு காலம் என்பதற்கு எண் ஆளுக்கு ஆள் மாறும், பத்தாயிரம் ஆண்டிலிருந்து ஒரு இலட்சத்து எழுபதாயிரம் வரை வாசித்திருக்கிறேன். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் ஆட்டம் மாறுகிறது: அங்கே சூடான வாயுவே திரண்டு மேலே ஏறி, சூட்டைக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து கீழே இறங்கும். தொலைநோக்கிப் படங்களில் சூரியனின் முகம் புள்ளிபுள்ளியாகத் தெரிவது இதனால்தான். ஒவ்வொரு புள்ளியும் ஆயிரம் கிலோமீற்றர் அகலம், இலங்கையை உள்ளே வைத்து மிச்சமும் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் ஒன்று அழிந்து இன்னொன்று வந்துவிடும்.

கடைசியில் சில நூறு கிலோமீற்றர் தடித்த ஒரு படை. அதன் வெப்பநிலை 5,500 பாகை. நாம் பார்க்கும் வெளிச்சம் முழுக்க அங்கிருந்துதான் புறப்படுகிறது. பிறகு வெட்டவெளி, நம்மிடம் வர 8 நிமிடம் 20 செக்கன்.

ஏப்ரல் 12, பின்னேரம்

மேலே உள்ளதை ஒருவர் "என் முகத்தில் படுகிற ஒளி ஒரு இலட்சம் வருடம் கிழடு" என்று முகநூலில் போட்டு, என்னையும் கோர்த்துவிட்டிருக்கிறார். அழகாக இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. புறப்பட்ட அதே துகள் வருவதில்லை. ஒவ்வொரு மோதலிலும் உறிஞ்சப்படும், புதிதாக வெளிவிடப்படும், சக்தி பங்குபோடப்படும். நடுவில் ஒரு காமாக் கதிராகப் பிறந்தது மேலே வரும்போது இலட்சக்கணக்கான சாதாரண ஒளித்துகள்களாகப் பிரிந்திருக்கும். முகத்தில் பட்டது எட்டு நிமிடக் குழந்தைதான். சக்திதான் பழசு.

ஏப்ரல் 13

"யார் உள்ளே போய்ப் பார்த்தது?"

இதற்காகவே காத்திருந்தேன். யாரும் போகவில்லை, ஆனால் உள்ளேயிருந்து நேராக வெளியே வருகிற ஒரு சரக்கு இருக்கிறது. முதல் படியில் இரண்டு புரோத்தன் ஒட்டும்போது நியூத்திரினோ என்ற துகள் ஒன்று பிறக்கும். அதை எதுவும் தடுக்காது. இரண்டு செக்கனில் சூரியனை விட்டு வெளியே வந்துவிடும். உங்கள் பெருவிரல் நகத்தினூடாக ஒவ்வொரு செக்கனும் ஆறாயிரம் கோடிக்குமேல் போய்க்கொண்டிருக்கின்றன. இரவிலும்தான். நீங்கள் பாயில் படுத்திருக்கும்போது அவை பூமியின் மறுபக்கத்தால் நுழைந்து, நிலத்தைக் கடந்து, முதுகால் ஏறிக் கூரையால் போகும்.

பிடிப்பது கடினம். அமெரிக்காவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், துணி வெளுக்கிற திரவம் கிட்டத்தட்ட நாலு இலட்சம் லீற்றரைத் தாங்கியில் நிரப்பி ரேமண்ட் டேவிஸ் காவலிருந்தார். அறுபதுகளின் கடைசியில் தொடங்கியது. அகப்பட்டது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒன்றுதான். பல வருடம் அதே எண். அப்போது சிலருக்கு ஒரு பயம் வந்தது: சூரியனின் நடு ஏற்கெனவே ஓய்ந்துவிட்டதோ? வெளிச்சம் வெளியே வரப் பல்லாயிரம் ஆண்டு எடுப்பதால், நடு நின்றுபோயிருந்தாலும் வெயிலைப் பார்த்து நமக்குத் தெரியாதே.

ஓயவில்லை. நியூத்திரினோவில் மூன்று வகை, வரும் வழியில் வகை மாறுகின்றன. டேவிஸின் தாங்கி ஒரு வகையைத்தான் பிடிக்கும். கனடாவில் சட்பரி என்ற ஊரில் இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் ஆயிரம் தொன் கனநீரை (சாதாரண ஐதரசனுக்குப் பதில் தூத்தேரியம் உள்ள தண்ணீர்) வைத்து மூன்று வகையையும் சேர்த்து எண்ணினார்கள். 2001, 2002இல் முடிவு வந்தது. மொத்தம் கணக்கோடு சரி.

ஸ்காபரோவிலிருந்து எழுதும் அண்ணைக்கு: சட்பரி உங்களிடமிருந்து நானூறு கிலோமீற்றர்தான். மீன் பிடிக்க அந்தப் பக்கம் போகிறீர்கள் என்று படம் போட்டீர்கள். அடுத்தமுறை ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

ஏப்ரல் 13, இரவு

அண்ணையின் பதில்: "போனேன், நிக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் பெரிய காசு ஒன்று நட்டுவைத்திருக்கிறார்கள், அதோடு படம் எடுத்தேன்." வேறென்ன எதிர்பார்க்க.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மருத்துநீர் வைத்து முழுகி, சாப்பிட்டு, சின்னவர்களுக்குக் கைவிசேடம் கொடுத்துவிட்டு எழுதுகிறேன். கிளிநொச்சிக்கு இன்றைக்குத்தான் சூரியன் நேர் உச்சி. வவுனியாவுக்கு ஓரிரு நாள் முந்தியே வந்துவிட்டது, வடக்கே போகப்போக நாள் பிந்தும். பன்னிரண்டு மணி பத்து நிமிடமளவில் முற்றத்தில் உலக்கையை நிறுத்தினால் நிழல் உலக்கைக்குள்ளேயே போய்விடும். எங்கள் கிணற்றின் அடியில் வருடத்தில் இந்த நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும்தான் வெயில் விழும். எட்டிப் பார்த்தேன், தண்ணீருக்குள் கிடந்த பழைய வாளிக் கைபிடி தெரிந்தது. எடுக்கவேண்டும்.

ஒருவர் "சித்திரையில் சூரியன் கிட்ட வருகிறது, அதனால் வெக்கை" என்று எழுதியிருந்தார். கிட்ட வருவது ஜனவரித் தொடக்கத்தில், 14.7 கோடி கிலோமீற்றர். வாடைக்காற்றில் போர்வைக்குள் இருக்கிற காலம். தூரப்போவது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி. அப்போது கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். வெக்கையைத் தீர்மானிப்பது தூரமல்ல, சரிவும் மேகமும் காற்றும்.

ஏப்ரல் 16

ஆனையிறவுப் பக்கத்து வாசகர் ஒருவர் உப்பளத்துக்கு வெயில் கணக்குக் கேட்டார். சூரியன் விடுவதில் பூமிக்குக் கிடைப்பது 220 கோடியில் ஒரு பங்கு. காற்றுமண்டலத்துக்கு மேலே சதுர மீற்றருக்கு 1,361 வாற்று, நிலத்தில் தெளிந்த மத்தியானம் ஆயிரமளவு. நல்ல நாள் ஒன்றில் சதுர மீற்றருக்கு மொத்தம் ஐந்து, ஆறு அலகு விழும், மின்சாரப் பட்டியலில் வருகிற அதே அலகு. ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். எல்லாம் வீணாகாமல் போனால் ஒரு சதுர மீற்றரில் எட்டு லீற்றர், அதாவது எட்டு மில்லிமீற்றர் இறங்கும். உண்மையில் அதைவிடக் குறையும், ஒரு பகுதி தெறித்துத் திரும்பிவிடும், உப்பு கூடக்கூட ஆவியாவதும் மந்தமாகும்.

ஏப்ரல் 17

"வெட்டவெளியில் எதுவும் இல்லையென்றால் வெப்பம் எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது?" பரந்தன் வாசகரின் மகள். இந்த இழையின் ஆகச்சிறந்த கேள்வி.

வெப்பம் வருவதில்லை, ஒளி வருகிறது. அதற்குப் பிடிமானம் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிவது பாதிக்குச் சற்றுக் குறைவு, தெரியாத செங்கீழ்க் கதிர் பாதியளவு, மிச்சம் ஊதாக்கடந்தது. இவை எல்லாமே எதிலாவது பட்டு உறிஞ்சப்பட்டால்தான் வெப்பம். தகரக் கூரையில் கை வைத்தால் சுடுகிறது, இடையிலுள்ள வெட்டவெளி சுடுவதில்லை.

எனக்கு இது தொழில். சோலார் பனல் பூட்டுகிறேன், தோட்டங்களுக்குப் பம்பும். "சித்திரை வெக்கையில் கரண்ட் அள்ளிக்கொட்டும்" என்று நினைத்து வாங்குகிறவர்கள் பிறகு சண்டைக்கு வருவார்கள். பனலுக்கு வேண்டியது ஒளி, சூடு அதற்குப் பகை. ஒரு பாகை கூடினால் நூற்றில் 0.3, 0.4 பங்கு குறையும். ஏப்ரல் மத்தியானம் கூரையில் பனல் அறுபது பாகையைத் தாண்டி நிற்கும், கண்ணாடியில் விரல் வைக்க முடியாது. அப்போது மீற்றரில் காட்டுவதைவிட, மழை விட்டு முகில் கலைந்த ஒரு ஜனவரி மத்தியானத்தில் நல்ல எண் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். விழுகிற ஆயிரம் வாற்றில் இருநூறளவு மின்சாரமாகும், மிச்சம் பனலையும் கூரையையும் சுடவைக்கும்.

இயக்கச்சி வாசகர் பழசைக் கிளறியிருக்கிறார்: தடைக்காலத்தில் ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்தது. எங்கள் வீட்டிலும் காய்ந்தது, கூரை விளிம்பில் வரிசையாக. சூட்டில் உள்ளே இரசாயனம் கொஞ்சம் முறுகி, இரவுச் செய்தி கேட்கும் அளவுக்கு உயிர் வரும். அதுவும் போனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவது. சுற்றியவர் பெரும்பாலும் நான்தான், செய்தி கேட்டது பெரியவர்கள்.

ஏப்ரல் 19

கடைசிப் பகுதி பாக்கி: எப்போது முடியும்.

நடுவிலுள்ள ஐதரசனில் பாதியளவு முடிந்துவிட்டது. இன்னும் 500 கோடி ஆண்டு ஓடும். பிறகு சூரியன் வீங்கிச் சிவக்கும், புதனையும் வெள்ளியையும் விழுங்கும், பின்னர் உதறிவிட்டுப் பூமியளவு வெள்ளைக் கட்டியாக ஒடுங்கி மெல்ல ஆறும். ஆனால் நமக்குக் கணக்கு அதற்கு முன்னரே முடிகிறது. ஈலியம் சேரச்சேர நடு இறுகிச் சூடேறுகிறது, நூறு கோடி ஆண்டுக்குப் பத்து வீதமளவு வெளிச்சம் கூடுகிறது. இன்னொரு நூறு கோடி ஆண்டில் கடல் தாங்காது. இரணைமடுவில் தண்ணீர்ப் பங்கீட்டுச் சண்டை அதற்கிடையில் தீரும் என்று நம்புவோம்.

ஏப்ரல் 20

பனலைத் தெற்கே சரிப்பதா, வடக்கே சரிப்பதா என்று நேற்றிலிருந்து கேட்பவர்களுக்கு: தெற்கே, ஒன்பது பத்துப் பாகை. இன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், உண்மைதான். அதற்காகச் சட்டத்தைத் திருப்பவேண்டாம், அவ்வளவு சிறிய சரிவில் இழப்பு கொஞ்சம்தான், சரிவு முக்கியமாகத் தூசியும் மழைத்தண்ணீரும் வழிவதற்கு. கழுவுவதென்றால் விடியவோ பொழுதுபடவோ கழுவுங்கள். கொதிக்கிற கண்ணாடியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வெடிக்கவைத்துவிட்டு என்னைக் கூப்பிடவேண்டாம். இன்வேர்ட்டர் விலை கேட்டவர்கள் தனிமடலில் வாருங்கள்.